ஆற்றுக்குப் போகாத கத்திகள்

ஜாவாவின் சோலோ நகரத்து ஜூருக் பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் ஒரு ஆள் துணி மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆற்றையே வெறித்துப் பார்த்தபடி நின்றான். அவனைத் தாண்டிப் போன வகினெம் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, காலால் உந்தி உந்திப் பின்னுக்கு வந்தாள். பின்னிருக்கையில் அலங்காரப் பெட்டி, கைப்பிடியில் கல்யாண வீட்டார் கட்டிக்கொடுத்த சாப்பாட்டுக் கூடை. காலையிலிருந்து நின்றபடியே ஒரு பெண்ணுக்குக் கொண்டை கட்டி, நெற்றியில் மை தீட்டி, மாப்பிள்ளைக்கு வேட்டி சுற்றி, இரண்டு வீட்டு அத்தைமாரின் சண்டையையும் விலக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். கால்வலி உயிரை வாங்கியது. ஆனாலும் எதையும் பார்த்தும் பார்க்காதது போலப் போவது அவளால் ஆகாத காரியம்.

"யாருப்பா அது? என்ன அது கையில, குழந்தையா?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "ஐயையோ, குழந்தை இல்லக்கா."

"பூனைக்குட்டியா?"

"இல்லக்கா. கெரிஸ். எங்கப்பாவோடது."

வகினெம் இறங்கி வந்தாள். அந்த ஆளின் பெயர் சர்வோகோ. மொஜோசோங்கோவில் டோஃபு செய்து விற்கிறவன். அப்பா இறந்தபின் பங்கு பிரித்ததில் அண்ணனுக்கு வயல், தம்பிக்கு மாடு, இவனுக்குப் பரம்பரையாக வந்த இந்தக் கெரிஸ் கத்தி.

"இது வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து எதுவும் விளங்கலக்கா. சோயாப் பால் திரிஞ்சாலும் டோஃபு உறைய மாட்டேங்குது. கோழி முட்டை போடல. பொண்டாட்டி ரெண்டு தடவை கோவிச்சுக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா."

"முதத் தடவை எதுக்குப் போனா?"

சர்வோகோ ஆற்றைப் பார்த்தான். "சேவல் சண்டைக்குப் போயிட்டு வந்தேன்னு."

"அதுக்கும் கத்தி மேலதான் பழியா?"

"சாமக்கோடங்கி மாதிரி ஒரு ஆளு வந்து பாத்துச் சொன்னாருக்கா. சூடான கத்தியாம். ஓடுற தண்ணியில விட்டாத்தான் ஆறுமாம்." சொல்லிவிட்டு மூட்டையை அவள் பக்கம் நீட்டினான். "நீங்க வேணா எடுத்துக்கிறீங்களா? எனக்கும் மனசு கேக்கல. அப்பா தலமாட்டுல வெச்சிருந்த சாமான். ஆனா ஒண்ணு, திருப்பி மட்டும் கொண்டாந்துராதீங்க."

மாப்பிள்ளைகளின் முதுகுப்புறம் இடுப்புப் பட்டையில் கெரிஸ் செருகுவது வகினெமின் அன்றாட வேலை. வாடகைக்கு விடும் அவளுடைய கெரிஸ்களின் உறைக்குள் இருப்பது தகரம். அதற்கு மல்லிகைச் சரம் கட்டித் தொங்கவிட்டால் பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். நிஜக் கத்தி ஒன்றை அதுவரை அவள் கையில் ஏந்தியதில்லை. மூட்டையை வாங்கியதும் அதன் கனம் முழங்கை வரை தெரிந்தது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வீட்டில் அவள் புருஷன் பார்ஜிமான் இருந்தான். கார்த்தசூரா தடத்தில் மினி பஸ் ஓட்டுகிறவன். வாசற்படியை அடைக்கிற உடம்பு, காதைத் தொடுகிற மீசை. எதிரே எந்த லாரி வந்தாலும் வழிவிட மாட்டான். மூட்டையை அவிழ்த்ததும் அவன் நாற்காலியோடு சேர்ந்து பின்னால் நகர்ந்தான்.

"எங்கேர்ந்து எடுத்துட்டு வந்தே? யாரோடது? அதுக்குள்ள யாரு இருக்கா?"

"கத்திக்குள்ள என்னங்க இருக்கும்? இரும்புதான் இருக்கும்."

"எங்க மாமா வீட்ல ஒண்ணு இருந்துச்சு. வெள்ளிக்கிழமையானா உறைக்குள்ள கடகடன்னு ஆடும். நான் என் காதால கேட்டேன். இந்தா பாரு வகினெம், ஒண்ணு அது இந்த வீட்ல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"அது சோறு கேக்காது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

பார்ஜிமான் பாயைச் சுருட்டிக்கொண்டு மினி பஸ்ஸில் போய்ப் படுத்தான். கொசுக்களுக்குக் கத்தியைவிட வீரியம் அதிகம். அந்த வாரம் முடிவதற்குள் அவன் வீட்டுக்குள் வந்துவிட்டான். ஆனால் அலமாரி இருக்கிற அறைக்குள் காலெடுத்து வைப்பதென்றால், "உள்ள வரலாமா?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டுத்தான் வருவான். யாரிடம் கேட்கிறான் என்று வகினெம் கேட்டதில்லை.

கத்தி இருந்த நிலை பரிதாபம். அடிப்பிடித்த சோற்றுப் பானையின் அடி போலத் துரு தடித்துப் போயிருந்தது. பாத்திரம் தேய்க்கத் தெரிந்தவளுக்கு இது ஒரு வேலையா? கம்பி நாரும் சோப்புத் தூளும் எடுத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்து, ஒரு மத்தியானம் முழுக்கத் தேய்த்தாள். ஸ்பூன் மாதிரி மின்னியது. அதைப் பட்டுத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பழம்பொருள் விற்கும் திரிவிண்டு சந்தையில் ஸ்ரீபெனியின் கடைக்குப் போய்ப் பெருமையோடு நீட்டினாள்.

ஸ்ரீபெனியும் வகினெமும் ஏறக்குறைய ஒரு வயதுக்காரிகள். கல்யாணங்களுக்குப் பழைய நகை வேண்டுமென்றால் வகினெம் அங்கேதான் போவாள். கிராம்பு சிகரெட்டை வாயோரத்தில் வைத்துக்கொண்டே பேசுகிற பெண் ஸ்ரீபெனி. கத்தியைப் பார்த்ததும் சிகரெட் கீழே விழுந்தது.

"அடிப்பாவி! இது என்ன வாணலியா?"

"துரு இருந்துச்சுன்னு..."

"துருவும் போச்சு, தோலும் போச்சு. எதை வெச்சுத் தேய்ச்சே? வேணாம், சொல்லாதே. எனக்கு மயக்கம் வந்துரும்."

வாயில் வந்ததையெல்லாம் திட்டிவிட்டு, கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, வகினெமின் மோட்டார் சைக்கிளிலேயே ஏறி வந்தாள் ஸ்ரீபெனி. முற்றிய தேங்காயின் தண்ணீரில் கத்தியை ஊறப்போட்டார்கள். நாலைந்து நாள் கழித்து எடுத்து, எலுமிச்சைச் சாறும் பூந்திக்கொட்டை நுரையும் விட்டு, மென்மையான தூரிகையால் நீளவாக்கில் மட்டும் தேய்த்தார்கள். வெயிலில் காயவைத்து, பாஷாணம் கரைத்த எலுமிச்சைச் சாற்றை ஸ்ரீபெனி தன் கையால் தடவினாள். வகினெமை எட்டத்தில் நிற்கச் சொல்லிவிட்டாள்.

கண் முன்னால் இரும்பு கறுத்துக்கொண்டே வந்தது. கறுத்த இரும்பின் நடுவில் வெள்ளைப் புள்ளிகள் ஒன்று, இரண்டு, பிறகு கொத்துக் கொத்தாக. கறுப்புத் தரையில் அரிசி சிந்தினாற்போல அலகு முழுக்க வெண்மணிகள் இறைந்து கிடந்தன.

"சிந்தின அரிசி," என்றாள் ஸ்ரீபெனி. குரல் தணிந்திருந்தது. "இந்தக் கோலத்துக்குப் பேரே அதுதான். வீட்ல எதுவும் குறையக் கூடாதுன்னு நெனச்சு அடிக்கச் சொல்லி வாங்குவாங்க. இதைப் போயி ஆத்துல விட வந்தானா அவன்?"

வகினெம் வாயைத் திறந்தபடி குந்தியிருந்தாள். எத்தனையோ மணப்பெண்களின் முகத்துக்குக் களை கொண்டுவந்தவள்தான். ஆனால் பூசாமல், தீட்டாமல், உள்ளே இருந்தது தானாக மேலே வந்து நிற்பதை அவள் பார்த்தது அன்றுதான்.

மறுநாளே டோஃபு பட்டறைக்குப் போனாள். சர்வோகோ அவள் கையில் பட்டுத் துணியைப் பார்த்ததும் ஆவி பறக்கும் அண்டாவுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"திருப்பிக் கொண்டாராதீங்கன்னு சொன்னேனேக்கா!"

"கொண்டாரலய்யா, காட்ட வந்தேன். அங்கேர்ந்தே பாரு. அரிசி இறைஞ்சு கிடக்கு பாரு. வீடு நெறைஞ்சு இருக்கணும்னு உன் முப்பாட்டன் செஞ்சு வெச்சது."

ஆவிக்கு நடுவே கழுத்தை நீட்டி வெகுநேரம் பார்த்தான் அவன். "எங்கப்பா இதைத் தொறந்து காட்டினதே இல்லக்கா," என்றான். பிறகு, "அழகாத்தான் இருக்கு. உங்ககிட்டயே இருக்கட்டும்," என்று சொல்லி, ஒரு பை நிறைய சூடான டோஃபுவைக் கட்டிக் கொடுத்தான். அதன்பின் வருஷா வருஷம் அவன் டோஃபு அனுப்பத் தவறவில்லை. வாடிக்கைக்காரர்களிடமெல்லாம் இதே பேச்சாகவும் இருந்தான்: வீட்டில் பயமுறுத்துகிற கெரிஸ் இருந்தால் ஆற்றுக்குப் போக வேண்டாம், கல்யாண அலங்காரக்கார வகினெம் அக்காவிடம் போங்கள், அந்த அம்மாவைக் கண்டால் அதுவே பயப்படும்.

அப்படித்தான் ஆரம்பித்தது. வகினெம் சேர்க்கவேண்டும் என்று நினைத்துச் சேர்த்ததில்லை. தேடித் தேடி வந்தன. கைலியில் சுற்றி, அரிசிப் பையில் போட்டு, ஒருமுறை கித்தார் பெட்டிக்குள் வைத்துக்கூடக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குற்றப்பத்திரிகை இருந்தது. ஒன்று வந்ததிலிருந்து மாமியாரின் குறட்டை கூடிவிட்டதாம். ஒன்று வீட்டில் இருந்தால் ஆடு தங்காதாம். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கொண்டுவந்தது அவரைத் தலைமையாசிரியர் ஆகவிடாமல் தடுத்துக்கொண்டே இருந்ததாம். வகினெம் காபி கொடுத்து, முழுக்கக் கேட்டு, "அதுக்கு அங்க சரியாப் படல, இங்க வந்தாச் சரியாயிடும்," என்பாள். கேட்டவர்கள் முகம் தெளிந்து போவார்கள்.

யாராவது விலைக்குக் கேட்டால் மட்டும் அவளுக்குக் கோபம் வரும். "நான் இதுங்களுக்குச் சித்தி மாதிரி. வளர்க்கத்தான் குடுத்திருக்காங்க, விக்க இல்ல." கொடுத்தவர்கள் வீட்டில் பிள்ளைக்குக் கல்யாணம் என்று வந்து கேட்டால், எண்ணெய் தடவி, உறையைத் துடைத்து, அலங்காரப் பெட்டியோடு தானே கொண்டுபோய் மாப்பிள்ளை இடுப்பில் செருகுவாள். சில கத்திகள் அப்படியே அந்த வீட்டிலேயே தங்கிவிடும். அப்போதெல்லாம் அவளுக்குக் கொஞ்சம் வருத்தமும் நிறைய நிம்மதியும் உண்டாகும். அலமாரியிலும் இடம் கிடைக்கும்.

அவளுக்குப் பயமே இல்லை என்று சொல்வதற்கில்லை. வோனோகிரியிலிருந்து ஒரு விதவை கொண்டுவந்த குட்டைக் கத்தி ஒன்று உண்டு. கோலம் எதுவும் இல்லாத கன்னங்கரேல் கத்தி. அதைத் திறக்கும்போது வகினெம் ஸலாம் சொல்லாமல் திறப்பதில்லை.

"நீயும் பயப்படுறியா?" என்று பார்ஜிமான் சந்தோஷமாகக் கேட்டான்.

"பயம் இல்லங்க, மரியாதை."

"எனக்கும் அதேதான்! இத்தனை நாளா அதைத்தான் சொல்லிட்டிருக்கேன்!"

சூரா மாதத்தில் ஜாவாக்காரர்கள் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. அலங்காரக்காரிக்கு வேலை இல்லாத மாதம். கெரிஸ் கழுவுகிற மாதமும் அதுதான். ஒவ்வொரு சூராவிலும் வகினெமும் ஸ்ரீபெனியும் பின்கட்டில் பானைகளை அடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழுவுவார்கள். பார்ஜிமான் தேங்காய் உடைப்பதோடு சரி.

இப்படிப் பல வருஷம் ஒரு வம்பும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தபோதுதான், தெருவின் பெண்கள் தொழுகைக் குழுவுக்குத் தலைவியாக இபு ஹிந்துன் வந்தார். பெரியவர்களில் பெண்ணை இபு என்றும் ஆணை பாக் என்றும் மரியாதையாகச் சொல்வது அந்த ஊர் வழக்கம். அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பாக் முடாகிரின் மனைவி. நல்ல மனுஷி. தெருவில் யார் நோயில் விழுந்தாலும் முதல் சாப்பாட்டுத் தூக்கு அவர் வீட்டிலிருந்துதான் போகும். ஆனால் எதைச் சொன்னாலும் ஒலிபெருக்கி வைத்தது போலத்தான் சொல்வார். சில வருஷத்துக்கு முன் தொலைக்காட்சியில் யாரோ ஒரு பிரசங்கியின் பேச்சைக் கேட்டபின், கெரிஸ் வைத்திருப்பது பாவம், அதில் ஜின் குடியிருக்கும் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. குழுக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் சொன்னார்: "நம்ம தெருவுலயே ஒரு வீட்ல ஜின்னுங்களைப் பந்தி வெச்சு உக்கார வெச்சிருக்காங்க. அந்தக் கையாலதான் நம்ம பொண்ணுங்க முகத்தையும் தொடுறாங்க."

பெயர் சொல்லாவிட்டால் என்ன, அலமாரி நிறையக் கத்தி வைத்திருக்கிற அலங்காரக்காரி சோலோ நகரத்தில் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? தெருவில் மூன்று வீட்டார் ஏற்கனவே பேசிவைத்த கல்யாணத்துக்கு வேறு அலங்காரக்காரியைப் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒரு பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்து விசேஷ அலங்காரமெல்லாம் வகினெம்தான் செய்தாள்; அந்தப் பெண்ணின் அம்மாவே கண்ணைப் பார்க்காமல், "தப்பா நெனைக்காத வகினெம்," என்று சொல்லிவிட்டுப் போனாள். வகினெம் வீட்டுக்கு வந்து, வாங்கி வைத்திருந்த மல்லிகையை வெறுமனே கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்காமல் இருப்பதைப் பார்த்துப் பார்ஜிமானுக்குப் பழக்கமில்லை.

"நான் வேணா போயி அந்தம்மாகிட்டப் பேசட்டுமா?" என்றான்.

"என்ன பேசுவீங்க? நம்ம வீட்ல ஜின் இல்லன்னு நீங்களா சொல்லப்போறீங்க?"

அவன் மீசையைத் தடவிக்கொண்டே அலமாரி அறைப் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தான். அதைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கூடவே கோபமும், கோபத்தோடு கூடவே ஒரு யோசனையும் வந்தது. பின்கட்டில் மறைவாகக் கழுவினால்தானே ஆளாளுக்குக் கதை கட்டுகிறார்கள்? இந்தச் சூராவுக்கு நடுத்தெருவில், பட்டப்பகலில், ஊரைக் கூப்பிட்டுக் கழுவுவது.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. அவளும் இன்னொருவரும் தவிர வேறு யாருக்கும் தெரியாத சங்கடம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம் பாக் முடாகிர், புறாக் கூண்டை மூடும் துணிக்குள் ஒரு கெரிஸைச் சுற்றிக்கொண்டு அவள் வீட்டுக் கொல்லைப்புறமாக வந்திருந்தார். "என் வீட்டுக்காரி ஆத்துல விடச் சொன்னா. விட்டுட்டேன்னு சொல்லிக்கிறேன். நீ வாயைத் திறந்துராதேம்மா," என்று கெஞ்சிவிட்டுப் போயிருந்தார். ஸ்ரீபெனிக்குக்கூடக் காட்டாமல் வைத்திருந்த அதை மட்டும் உள்ளேயே வைத்துவிடவேண்டும் என்று வகினெம் நினைத்துக்கொண்டாள். நினைத்ததோடு சரி, புருஷனிடம் சொல்ல மறந்துவிட்டாள்.

அன்று காலை தெருவில் பாய் விரித்து, மண்பானைகளில் தேங்காய்த் தண்ணீர் நிரப்பியாயிற்று. வாசலில் தென்னங்குருத்தும் மல்லிகையும் கட்டியாயிற்று. ஒரு பெரிய அண்டாவில் சூரா மாதக் கஞ்சி தேங்காய்ப்பால் மணக்கக் கொதித்தது. சர்வோகோ இரண்டு தட்டு டோஃபு பொரிப்போடு வந்து சேர்ந்தான். ஸ்ரீபெனி முகத்தில் துணி கட்டிக்கொண்டு பாஷாணச் சட்டியோடு ஓர் ஓரமாக உட்கார்ந்து, "இந்தப் பக்கம் எவன் வந்தாலும் கையை ஒடிப்பேன்," என்று முதலிலேயே அறிவித்துவிட்டாள். முதலில் கஞ்சிக்காக வந்தார்கள். பிறகு கறுத்த இரும்பில் வெள்ளைக் கோலம் எழும்புவதைப் பார்த்துவிட்டு நகர மனமில்லாமல் நின்றார்கள். பார்ஜிமானும் அன்றைக்கு ஒரு முடிவோடு இருந்தான். கையில் சமையலறைத் துணியைச் சுற்றிக்கொண்டு, "பிஸ்மில்லா, பிஸ்மில்லா" என்று முணுமுணுத்தபடி, அலமாரியிலிருந்து கத்திகளைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து வைத்தான்.

வெயில் ஏறும் நேரத்தில் இபு ஹிந்துன் குடையோடு வந்தார்.

"என்ன வகினெம், தெருவையே மறிச்சு வெச்சிருக்கே?"

"வாங்க இபு. ஜின்னைப் பாக்க வந்தீங்களா? இன்னும் குளிச்சு முடிக்கல. உக்காருங்க, கஞ்சி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வந்துரும்."

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். "நான் கஞ்சி குடிக்க வரல," என்றார் இபு ஹிந்துன். ஆனால் வெயில் அப்படி. கஞ்சியின் மணமும் அப்படி. கொஞ்ச நேரத்தில் வாழையிலைத் தொன்னையோடு பாயில் உட்கார்ந்திருந்தார்.

கூட்டத்தின் பின்வரிசையில் நின்ற பாக் முடாகிரின் முகம் அந்நேரம் பேயறைந்தாற்போல ஆனது. பார்ஜிமான் கொண்டுவந்து வைத்த கடைசிக் கூடையில் அவருடைய புறாக்கூண்டுத் துணி தெரிந்தது. அவர் வகினெமைப் பார்த்துக் கண்ணை உருட்டினார், தலையை ஆட்டினார், தொண்டையைச் செருமினார். வகினெமுக்கும் விளங்கிவிட்டது. சட்டென்று எழுந்து கூடைக்கு முன்னால் போய் நின்று கட்டியிருந்த கைலியை விரித்து மறைத்தாள். அதற்குள் ஸ்ரீபெனியின் கை பின்னாலிருந்து அதை உருவிவிட்டது.

"இங்க பாருங்கடி இந்தக் கூத்தை!" ஸ்ரீபெனியின் குரலுக்கும் ஒலிபெருக்கி தேவையில்லை. "பிடிக்குக் கீழ இருக்கிற வளையத்துல சிவப்புக் கல்லு வரிசையா இருக்கு, ஒரு கல்லு போன எடத்துல சட்டைப் பொத்தானை ஒட்டி வெச்சிருக்கான்! எந்த மகராசன் வேலை இது?"

இபு ஹிந்துனின் கரண்டி வாய்க்கும் தொன்னைக்கும் நடுவில் நின்றது.

"அதை இங்க குடுங்க," என்றார். குரல் அவருடையது போலவே இல்லை.

வாங்கி, மடியில் வைத்து, அந்தப் பொத்தானை விரல் நுனியால் தடவினார். "இது எங்கப்பாவோடது. கல்யாணத்தன்னிக்குச் சைக்கிள்ல போறப்போ கல்லு எங்கயோ விழுந்துபோச்சு. பொண்ணு வீட்டு வாசல் வந்தாச்சு. எங்க பாட்டனார் அவசரத்துக்கு அப்பா சட்டைப் பொத்தானையே பிச்சு, பலாப்பால் வெச்சு ஒட்டிட்டாரு. கல்யாணப் போட்டோவுல பாத்தா அப்பா சட்டையில நடுப் பொத்தான் இருக்காது. எங்கம்மா சாகுற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க." சொல்லிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து கூட்டத்தைத் துழாவினார். "ஏங்க! எங்க ஒளியுறீங்க? ஆத்துல விட்டுட்டேன்னு சொன்னீங்களே?"

பாக் முடாகிர் இரண்டடி முன்னால் வந்தார். "விடத்தான் போனேன்."

"அப்புறம்?"

"போனா, ஆத்துல வெள்ளம்."

"வெள்ளமா இருந்தா என்ன?"

"அடிச்சிட்டுப் போயிருமே!"

தெருவே வெடித்துச் சிரித்தது. ஸ்ரீபெனி பாஷாணச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். சர்வோகோ, "நானும் அதைத்தான் யோசிச்சேன்," என்று சொல்லப்போய், எல்லாரும் இன்னொருமுறை சிரித்தார்கள். பாக் முடாகிர் மட்டும் சிரிக்கவில்லை. "உங்கப்பா எனக்குப் பொண்ணு குடுத்த மனுஷன், ஹிந்துன். அவரு கத்தியைத் தண்ணியில போட எனக்குக் கை வரல. உன்கிட்ட மறுத்துச் சொல்லவும் தைரியம் வரல," என்றார்.

இபு ஹிந்துன் முக்காட்டுத் துணியை முகத்தில் போட்டுக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று வகினெமுக்குத் தெரியவில்லை. துணியை விலக்கியபோது இரண்டும்தான் என்று தெரிந்தது.

"ரெண்டு வருஷமா இதை எங்க வெச்சிருந்தே?"

"அலமாரியில, கல்யாணப் பட்டுக்கு நடுவுல, இபு."

"சாம்பிராணி போட்டியா?"

"வியாழக்கிழமை போடுவேன்."

"அது வேணாம்."

"சரி இபு. இனிமே கொசுவுக்குன்னு சொல்லிப் போடுறேன்."

இபு ஹிந்துன் முறைத்தார். ஆனால் எழுந்து போகவில்லை. "எங்கப்பா மதரஸாவுல ஓதிக் குடுத்தவரு. குர்ஆன் வெக்கிற பலகைக்குப் பக்கத்துல ஆணியில இதுவும் தொங்கும். ரெண்டும் சண்டை போட்டதா அவருக்குத் தெரியல. எனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுதுன்னு தெரியல," என்று தனக்குள் பேசுவது போலச் சொன்னார். பிறகு சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். "எலுமிச்சம்பழத்தைக் குடு. எங்கப்பா கத்தியை நானே கழுவுறேன்."

கழுவினார். அழுத்தித் தேய்த்ததற்காக ஸ்ரீபெனியிடம் திட்டும் வாங்கினார். அந்தத் தெருவில் இபு ஹிந்துனை ஒருவர் திட்டி, அவர் பதில் பேசாமல் இருந்ததை எல்லாரும் அன்றுதான் பார்த்தார்கள். பாஷாணம் பட்டதும் அலகில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் மழைத்தாரை போல மேலிருந்து கீழே ஓடின. பாக் முடாகிர் பக்கத்தில் குந்தி, தன் கைக்குட்டையால் மனைவியின் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இபு ஹிந்துன், இந்தமுறை பெயர் சொல்லியே பேசினார்: "வகினெம் வீட்டைப் பத்திப் பாக்காமலே பேசிட்டேன். போய்ப் பாத்துட்டேன். அங்க ஜின்னு இல்ல. கஞ்சியில மட்டும் உப்பு கம்மி." வேறு ஆளைத் தேடிப்போன வீடுகளில் இரண்டு திரும்பி வந்தன. மூன்றாவது வீட்டில் வேறொருத்தி செய்த அலங்காரத்தில் மணப்பெண் தன் அத்தை மாதிரி இருந்ததாகத் தெருவில் பேச்சு. வகினெம் அதைக் கேட்டு வருத்தப்படுவது போல முகத்தை வைத்துக்கொள்ள மிகவும் சிரமப்பட்டாள்.

இரண்டு பெண்களுக்கும் எல்லாவற்றிலும் ஒத்துப்போய்விட்டது என்று சொன்னால் பொய். கத்திகளுக்குப் பூப்போட்டு வைப்பது இபு ஹிந்துனுக்குப் பிடிக்காது. பூ இல்லாமல் வைப்பது வகினெமுக்கு ஆகாது. கடைசியில், பூவை வகினெம் வைப்பது, கத்திகளை விட்டுச்சென்ற இறந்துபோனவர்களுக்காக இபு ஹிந்துன் துஆ ஓதுவது என்று ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஓதும்போது பூவைப் பார்க்காமல் அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

மறு சூரா மாதம் பிறந்தது. ஒரு காலை வகினெம் கதவைத் திறந்தால், வாசலில் தொழுகைக் குழுப் பெண்கள் ஏழெட்டுப் பேர், நடுவில் இபு ஹிந்துன். எல்லார் முக்காட்டுக்குள்ளும் ஏதோ நீளமாகப் புடைத்துக்கொண்டிருந்தது.

"இவங்க வீட்லயும் இருக்காம்," என்றார் இபு ஹிந்துன், தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்கிற முகத்தோடு. "பரண்ல, அரிசிப் பானைக்கு அடியில, கட்டிலுக்குக் கீழன்னு ஆளாளுக்கு ஒளிச்சு வெச்சிருக்காங்க. நான் பேசினதைக் கேட்டுட்டுத்தான் வெளியில சொல்லலையாம்."

வகினெம் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாள். துரு ஏறியது, பிடி ஆடுவது, உறை கறையான் அரித்தது. பார்க்கப் பார்க்கக் கை பரபரத்தது. ஆனால் அலமாரி நிரம்பி, கட்டிலுக்கடி நிரம்பி, பார்ஜிமானின் சட்டைகள் ஏற்கனவே மினி பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தன.

"கழுவித் தர்றேன் இபு. ஆனா வெச்சுக்க இடமில்ல. உங்க வீட்ல அந்தப் பெரிய தேக்கு அலமாரி சும்மாத்தானே இருக்கு?"

"என் வீட்லயா? நல்லாயிருக்கே! நான் குழுத் தலைவி!"

"அதனாலதான் சொல்றேன். உங்க வீட்ல வெச்சா ஜின்னுக்குக்கூட உள்ள வரத் தைரியம் வராது."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இபு ஹிந்துன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தெருமுனையில் பாக் முடாகிர் புறாத் தீவன மூட்டைகளைத் தோளில் சுமந்துகொண்டு போவது தெரிந்தது. தேக்கு அலமாரியின் கீழ்த்தட்டு முழுவதும் இருந்தவை அவை. சொல்லிவைத்தாற்போல அவர் அன்று காலையிலேயே அதைக் காலி செய்யத் தொடங்கியிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் இபு ஹிந்துன் மூச்சிரைக்க வகினெம் வீட்டுக்கு வந்தார்.

"வகினெம், அலமாரிக்குள்ள ஏதோ ஒண்ணு கடகடங்குது."

பார்ஜிமான் காபிக் கோப்பையோடு எழுந்து பின்கட்டுப் பக்கம் நகர்ந்தான்.

"எலியா இருக்கும் இபு."

"எலிதான். பிடிச்சுட்டேன். அதைச் சொல்ல வரல." இபு ஹிந்துன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உறைக்கு எண்ணெய் போடுறதா வேணாமா? சந்தன எண்ணெய் கத்திக்குன்னு சொன்னே, உறையைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே. நானா எதையாவது தடவி வெச்சுட்டா அந்தச் சந்தைக்காரி என்னைக் கொன்னே போட்டுருவா."